பார்த்தெழுதுதல்: இரு தரப்பு வழக்கு

பரீட்சையில் பார்த்தெழுதுவது பிழை என்பதை வெளிப்படையாக மறுப்பார் இலர். ஆயினும், அகப்பட்டுக்கொண்ட மாணவனைத் தனியே அழைத்துப் பேசிப் பாருங்கள். தன்னைத் திருடன் என்று அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். "பரீட்சையே நியாயமாக நடவாதபோது என்னிடம் மட்டும் நியாயத்தை எதிர்பார்க்கலாமா?" என்று கேட்பான். இக்கேள்வியை அதட்டி அடக்குவது எளிது. விடை கூறுவதே அரிது. ஹைதராபாத் நகரில் நாம்பள்ளி என்னும் பகுதியில் இரண்டு அலுவலகங்கள் இருக்கின்றன. ஒன்று தெலங்கானா இன்டர்மீடியட் கல்வி வாரியம். மற்றொன்று அம்மாநிலத்தின் அரசுப் பணியாளர் தேர்வாணையம். இவ்விரண்டின் அண்மைக்கால வரலாற்றைக் கொண்டு இவ்வழக்கை ஆராய்வோம்.

முதலில் மாணவன் தரப்பைக் கேட்போம். 2019 ஏப்ரல் 18ஆம் நாள் இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வெளிவந்தன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேறவில்லை. தெலுங்குப் பாடத்தில் 99 மதிப்பெண் பெற்ற ஒரு மாணவிக்குப் பூஜ்யம் என்று பதிவாகியிருந்தது. முடிவு வந்ததை அடுத்த நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஓராண்டுக் கல்வியை மூன்று மணி நேரத்தில் அளந்து, அந்த அளவையும் பிழையாகப் பதிந்து, ஓர் இளைஞனின் வாழ்வை அதன்மேல் நிறுத்துகிறோம். போதாக்குறைக்கு, பரீட்சை கேட்பதோ பெரும்பாலும் மனப்பாடம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாமே அவனுக்குப் பழமொழி சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்த ஏட்டுச் சுரைக்காயையே ஒப்பிக்கச் சொல்கிறோம். "தராசு கோணலாக இருக்கிறது, நான் தட்டைச் சற்றே அழுத்தினால் குற்றமா?" என்பது அவனுடைய வாதம். இதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி மறு தரப்பு. தட்டை அழுத்தும்போது எதிர்த்தட்டில் இருப்பவர் யார்? வாரியமா, ஆசிரியரா? இல்லை, இன்னொரு மாணவன்தான். இது மற்ற அலுவலகத்தின் கதையில் தெளிவாகும். 503 பதவிகளுக்கான குரூப்-1 முதனிலைத் தேர்வு 2022 அக்டோபர் 16ஆம் நாள் நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினர். பின்னர், வினாத்தாள் முன்னரே கசிந்தது தெரியவந்தது; ஆணையத்தின் ஊழியர்களே கைதாயினர். 2023 மார்ச் மாதத்தில் தேர்வு ரத்தாயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் நடந்த தேர்வையும், விரல்ரேகைப் பதிவு முறையாகச் செய்யப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் தள்ளியது. புதிய அறிவிப்பின்படி முதனிலைத் தேர்வு நடந்தது 2024 ஜூன் 9ஆம் நாள். அசோக் நகரிலும் சிக்கடபள்ளியிலும் சிறு அறைகளை வாடகைக்கு எடுத்து, நூலகத்தில் பகலெல்லாம் படித்த இளைஞர்கள், ஒரே படியை மூன்று முறை ஏற நேர்ந்தது. ஊரிலிருந்து பணம் அனுப்பிய பெற்றோருக்கு அவர்கள் என்ன சமாதானம் சொல்லியிருப்பார்கள்? வினாத்தாளைப் பெற்றவர் சிலர். விலை கொடுத்தவர்களோ, அதைக் கண்ணாலும் காணாத லட்சக்கணக்கானோர்.

வினாத்தாளை விற்பதும், பக்கத்து மாணவனின் தாளை எட்டிப் பார்ப்பதும் ஒன்றா என்று கேட்கலாம். அளவில் ஒன்றல்ல. மத்திய அரசின் போட்டித் தேர்வுகளுக்காக 2024இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் இவ்வேறுபாட்டைக் கருதுகிறது. முறைகேட்டைத் திட்டமிட்டு நடத்துவோருக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கும் அச்சட்டம், தேர்வெழுதுவோரை அந்தந்தத் தேர்வு அமைப்பின் விதிகளுக்கே விட்டுவிடுகிறது. தவறிய மாணவனைத் திருத்த இடம் வேண்டும் என்பது சரியே. ஆனால் தன்மையில் இரண்டும் ஒன்றே. இரண்டும் பிறருடைய உழைப்பின் மதிப்பைக் குறைக்கின்றன.

அப்படியானால் கோணல் தராசுக்கு என்ன வழி? மீண்டும் 2019க்கு வருவோம். அன்று மாணவர்களும் பெற்றோரும் வாரியத்தின் வாயிலில் வெளிப்படையாகக் கூடி முறையிட்டனர். தேறாதவர்களின் விடைத்தாள்கள் அனைத்தும் கட்டணமின்றி மறுபடி சரிபார்க்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தேறினர். பூஜ்யம் 99 ஆயிற்று. பார்த்தெழுதியவன் எவனும் இதைச் சாதித்ததில்லை. முறையிடுபவன் தராசைத் திருத்தச் சொல்கிறான். பார்த்தெழுதுபவனோ, தராசு நேரானது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று விரும்புகிறான். அந்த நம்பிக்கை போய்விட்டால் அவன் பெற்ற மதிப்பெண்ணுக்கு விலை ஏது? ஆகவே, ஒளிந்து செய்யும் காரியத்தை அநீதிக்கு எதிர்ப்பு என்று அழைக்க அவனுக்கு உரிமை இல்லை.

எனினும், முறையிடத் துணிவும் துணையும் எல்லா மாணவர்க்கும் வாய்ப்பதில்லை. ஒரு மதிப்பெண் தவறிப் பதிவானால் கேட்பதற்கு வாயிலும், பதில் சொல்வதற்கு ஆளும் வைப்பது பெரியோர் கடமை. அந்த வாயிலை அடைத்துவிட்டு மாணவனிடம் மட்டும் ஒழுக்கத்தைக் கேட்பதும் ஒரு வகையில் தட்டை அழுத்துவதே ஆகும்.