எங்கே கட்டுகிறோம்?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இயற்கையின் வலிமைக்கு முன்னால் மனிதர் எழுப்பும் கட்டடங்கள் எம்மாத்திரம் என்பது பற்றிச் சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன்.

ஒரு காலத்தில் இங்கிருந்து சென்னைக்குப் படிக்கப் போனவர்கள் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்குவார்கள். அங்கே புகையிரத நிலையம், தபாற் கந்தோர், தேவாலயம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22ஆம் திகதி எமது வடபகுதியை ஊடறுத்துச் சென்ற சூறாவளி, அன்றிரவே அந்த ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த புகையிரதம் நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு அலையில் அள்ளுண்டது.

அதே புயலில், 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலமும் சிதைந்தது. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளரின் பொறுப்பில் அதனை 46 நாட்களில் திருத்திவிட்டார்கள். தனுஷ்கோடியையோ எவரும் மீளக் கட்டவில்லை. அது மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. திறமையில் குறைவில்லை, இரு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிய மணற்திட்டில் ஊர் அமைந்திருந்தது. எவ்வளவு உறுதியாகக் கட்டினோம் என்பதற்கு முன்னர், எங்கே கட்டினோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நாற்பது ஆண்டுகளின் பின் அந்தக் கேள்வி எங்கள் கரைக்கே வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் சென்ற பின்னரே அலை எமது கிழக்குக் கரையைத் தொட்டது. அதற்கிடையில் மக்களுக்கு ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரை இழந்தோம். பெரலியவில் முதல் அலைக்குத் தப்பிய ஊரவர்கள், பாதுகாப்பென்று நம்பி, நின்ற புகையிரதத்தில் ஏறினார்கள். அடுத்த அலை அந்தப் பெட்டிகளையே புரட்டிப் போட்டது. யால பகுதியிலோ, மணற்குன்றுகள் கலையாமல் உயர்ந்து நின்ற இடங்களில் அலை தடைப்பட்டது. இடைவெளி இருந்த இடங்களால் உள்ளே புகுந்தது.

சகோதரிகளே, நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்கு ஒரு கட்டடம் எழுப்ப வேண்டுமென்று உள்ளூரிலும் வெளிநாடுகளிலும் உள்ள நீங்கள் மனமுவந்து பணம் சேர்க்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அடிக்கல் நாட்டுமுன் மாரி வெள்ளம் வளவில் எந்த வழியால் ஓடுகிறது என்று பாருங்கள். அந்த வாய்க்காலை மறிக்க வேண்டாம். நிழல் தரும் மரங்களைத் தறிக்க வேண்டாம். புதிய மண்டபத்திலிருந்து பிள்ளைகள் விரைந்து வெளியேற இரண்டு வாசல்களாவது வையுங்கள். எச்சரிக்கை வந்தால் எங்கே ஓடுவது என்று ஆண்டுக்கொரு தடவையேனும் பழக்குங்கள்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. திறப்பு விழாக் கல்லில் இவை பொறிக்கப்படுவதுமில்லை. எனினும் அடுத்த நூறு ஆண்டுகளில் இங்கே படிக்க வரும் பிள்ளைகளின் உயிர் இவற்றில்தான் தங்கியிருக்கிறது.