பணியிடத்தின் பண்பாடு

வேலை கிடைக்குமா என்பது ஒரு கவலை. இரண்டு வேலைகள் ஒருங்கே கிடைத்துவிட்டால் எதை ஏற்பது என்பது மற்றொரு கவலை. பின்னதைக் கவலை என்று சொன்னால் சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும், கணிப்பொறித் துறையில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு இப்போது மாணவரிடையே பழகிவரும் எனக்கு, அக்கவலையோடு வரும் இளைஞர்கள் புதியவர் அல்லர். இரு பெரிய நிறுவனங்களின் நியமனக் கடிதங்களை அருகருகே வைத்து, ஊதியத்தைக் கூட்டியும் கழித்தும் பார்ப்பார்கள். தொகை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். "இனி எதைக் கொண்டு முடிவு செய்வது?" என்பார்கள். பணியிடத்தின் பண்பாட்டைக் கொண்டு முடிவு செய்யுங்கள் என்பதே நான் கூறும் விடை.

பண்பாடு என்று எதனைச் சொல்கிறோம்? சுவரில் எழுதி மாட்டிய கொள்கைகளும், விலையின்றி வழங்கும் உணவும், விளையாட்டுக் கூடமும் வீட்டுக்கு அடித்த வெள்ளை போன்றவை, கண்ணுக்கு இனியவை, வீட்டின் உறுதியை அவை காட்டமாட்டா. ஒரு நிறுவனம் யாரை உயர்த்துகிறது? எவ்வாறு முடிவுக்கு வருகிறது? கசப்பான உண்மையைச் சொன்னவரை எப்படி நடத்துகிறது? இம்மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் விடையே அதன் பண்பாடு.

அமெரிக்க நாட்டின் வடமேற்குக் கோடியில் வாஷிங்டன் ஏரி என்று ஓர் ஏரி உண்டு. அதன் மேற்குக் கரையில் உள்ள சியாட்டில் நகரில் அமேசான் நிறுவனத்தின் தலைமையிடம் இருக்கிறது. ஏரிக்குக் கிழக்கே, ரெட்மண்ட் என்னும் ஊரில் மைக்ரோசாப்ட் இருக்கிறது. இரண்டும் ஒரே துறையில் போட்டியிடுபவை. ஒரே வகையான பொறியாளரைத் தேடுபவை. எனினும் உள்ளே நுழைந்தவர் பழகிக்கொள்ள வேண்டிய வழக்கங்கள் வேறு வேறு.

மைக்ரோசாப்டில் பல்லாண்டுகள் ஒரு முறை வழங்கிவந்தது. ஒவ்வொரு தலைவரும் தம் கீழ்ப் பணிபுரிவோரை வரிசைப்படுத்தி, இத்தனை பங்கினர் முதல்நிலை, இத்தனை பங்கினர் கடைநிலை என்று முன்னரே வகுத்த விகிதப்படி மதிப்பிட வேண்டும். குழு முழுவதும் திறமையாளராயினும் சிலர் கடைநிலைக்குத் தள்ளப்பட்டே தீர வேண்டும். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் உயர்ந்தால் நான் தாழ்வேன் என்று ஆகிவிட்டால், அவருக்கு உதவ என் கை எழுமா? திறமை மிக்கவர்கள், தம்மைப் போன்ற திறமையாளரோடு ஒரே குழுவில் சேர்வதையே தவிர்த்தார்கள் என்று அங்குப் பணியாற்றியவர்கள் பின்னர்க் கூறினர். 2013 நவம்பரில் அம்முறை கைவிடப்பட்டது. தாம் செய்து முடித்த பணியோடு, பிறர் வெற்றிக்குத் தாம் செய்த உதவியும், பிறர் பணியைத் தாம் பயன்படுத்திக்கொண்ட விதமும் அளவுகோல்களாயின. 2014 பிப்ரவரியில் தலைமையேற்ற சத்ய நாதெள்ளா, கற்றுக்கொண்டே இருக்கும் மனப்பான்மையை வலியுறுத்தினார். நிறுவனம் அதுவே, அளவுகோல் மாறியது.

அமேசானின் வழக்கம் வேறொன்று. 2004ஆம் ஆண்டிலிருந்து அதன் உயர்நிலைக் கூட்டங்களில் திரையில் படம் காட்டிப் பேசும் வழக்கம் நீக்கப்பட்டது. கருத்தைச் சொல்ல விரும்புபவர் அதனை ஆறு பக்க அளவில் கட்டுரையாக எழுதிக் கொண்டுவர வேண்டும். கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லாரும் அதனை அமைதியாகப் படிப்பர்; பிறகே விவாதம். நாவன்மை மட்டும் இங்கே போதாது. கூச்சம் உள்ளவராயினும் தெளிவாக எழுத வல்லவர் இங்கே மதிப்புப் பெறக்கூடும். எழுதுவதை வெறுப்பவருக்கு இது துன்பமே. அந்நிறுவனத்தின் கடுமையான வேலைச் சூழலைப் பற்றி 2015இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. தாம் அறிந்த அமேசான் அதுவன்று என்று நிறுவனர் ஜெப் பெசோஸ் மறுத்தார். இருவர் கூற்றையும் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. ஒருவர்க்குக் கடுமையாய்த் தோன்றுவது மற்றொருவர்க்கு ஊக்கமாய்த் தோன்றலாம்.

மூன்றாம் கேள்வியே முதன்மையானது என்று நான் கருதுகிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி எட்மண்ட்சன் என்னும் அம்மையார், மருத்துவமனைக் குழுக்களில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல குழுக்களில் பிழை குறைந்திருக்கும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. கணக்கோ, அவற்றில்தான் மிகுதியான பிழைகளைக் காட்டியது! காரணம் பின்னர் விளங்கிற்று. நல்ல குழுக்களில் உள்ளவர்கள் பிழையை மறைக்காமல் எடுத்துரைத்தார்கள். மற்றக் குழுக்களில் அச்சம் வாயை அடைத்துவிட்டது. பின்னாளில் கூகுள் நிறுவனம் தன் குழுக்களில் 180க்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்து, 2015இல் முடிவை வெளியிட்டது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பதே பெரிது. அதிலும் அச்சமின்றிப் பேசும் உரிமையே தலையாயது என்று அது கண்டது.

நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில், குறித்த நாளில் வேலை முடியாது என்று ஓர் இளம் பொறியாளர் கூட்டத்தில் எழுந்து சொன்னார். தலைவர் அவரை எள்ளி நகையாடினார். அதன்பின் எவரும் வாய் திறக்கவில்லை. நாள் வந்தது, வேலை முடியவில்லை. அந்த உண்மை அங்கிருந்த அனைவர்க்கும் மூன்று மாதங்களுக்கு முன்னரே தெரியும்.

மாணவ நண்பர்களே, இவற்றையெல்லாம் வெளியிலிருந்து எப்படி அறிவது என்று நீங்கள் கேட்கலாம். நேர்முகத் தேர்வின் இறுதியில், "நீங்கள் கேட்க விரும்புவது ஏதேனும் உண்டா?" என்பார்கள். பலர் புன்னகையோடு எழுந்துவிடுகிறார்கள். எழுந்துவிடாதீர்கள். "இக்குழுவில் அண்மையில் பதவி உயர்வு பெற்றவர் எதற்காகப் பெற்றார்? தோல்வியுற்ற முயற்சி ஒன்றைச் சொல்லுங்கள். அதன் பின் என்ன நடந்தது? கீழே உள்ளவர் சொல்லித் தலைவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டதுண்டா?" என்று பணிவோடு கேளுங்கள். தயங்காமல் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் நம்பலாம். பொதுப்படையான பாராட்டுரை மட்டும் வந்தால் எச்சரிக்கையாய் இருங்கள். அங்கிருந்து விலகியவர்களையும் விசாரியுங்கள். இலட்சக்கணக்கானோர் பணிபுரியும் நிறுவனத்தில் குழுவுக்குக் குழு பண்பாடு மாறும். ஆதலால் உங்கள் நேர்த் தலைவர் யார் என்று அறிவது மிக இன்றியமையாதது.

நல்ல பண்பாடு நிலையான வேலைக்கு உறுதிச்சீட்டு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேரையும், மைக்ரோசாப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. குடும்பக் கடனைச் சுமப்பவர் ஊதியத்தைப் பெரிதாக எண்ணுவதிலும் குற்றமில்லை. ஆனால் வேலை போனாலும் உடன் வருவது அங்கே படிந்த பழக்கம். முதல் பணியிடத்தில் உண்மை பேசக் கற்றவர், நாளைத் தாம் தலைவராகும்போது பிறரையும் பேசவிடுவார். அஞ்சி ஒடுங்கக் கற்றவர், பிறரை அச்சுறுத்தவும் கற்றுவிடுகிறார். நீங்கள் கையெழுத்திடும் அந்தக் கடிதம், பின்னாளில் உங்கள் கீழ்ப் பணிபுரியப் போகிறவர்களின் நலத்தையும் ஓரளவு முடிவு செய்கிறது.