அபாயச் சரக்கும் ஓட்டுநர் பயிற்சியும்

பட்டு நூலை வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும், சாயம் நூலில் பிடிக்கத் துணைபுரியும் அசிட்டிக் அமிலமும் ஆரணி போன்ற நெசவு ஊர்களுக்குச் சாலை வழியே வரும்போது, அவை அபாயகரமான சரக்கு என்ற வகையில் அடங்குகின்றன. இத்தகைய சரக்கை ஏற்றும் ஓட்டுநர், இந்திய மொழி ஒன்றுடன் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்தவராகவும், 3 நாள் சிறப்புப் பயிற்சி முடித்து அதை உரிமத்தில் பதிவு செய்தவராகவும் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆவது விதி கூறுகிறது.

பயிற்சிக்கு ஆயத்தமாகும் ஓட்டுநர் முதலில் பழக வேண்டியவை லாரியில் ஒட்டப்படும் சாய்சதுர அடையாளங்களாகும். வட்டத்தின் மேல் தீச்சுடர் வரைந்த மஞ்சள் அடையாளம், பிற பொருள்கள் எரிவதைத் தூண்டும் பெராக்சைடு போன்றவற்றையும், கையின் மீதும் உலோகத்தின் மீதும் துளிகள் விழும் படம், அரிக்கும் அமிலங்களையும் குறிக்கின்றன. அவசரகாலத் தகவல் பலகையில் உள்ள ஐக்கிய நாடுகள் எண், பொருளை உலகெங்கும் ஒரே எண்ணால் அடையாளப்படுத்துவதால், அடர் அசிட்டிக் அமிலத்திற்குரிய 2789 என்ற எண்ணைக் கண்ட தீயணைப்பு வீரர், கசிவை எவ்வாறு கையாள்வது என்பதை உடனே முடிவு செய்ய முடிகிறது. விபத்து நேர்ந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்திற்கும் வாகன உரிமையாளருக்கும் தாமதமின்றித் தெரிவிப்பது ஓட்டுநரின் சட்டக் கடமையாகும்.