வறட்சியில் வீட்டுத் தோட்டம்

1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் வெப்பம் 40.1 பாகை செல்சியஸை எட்டியது. அத்தகைய வறட்சியில் குடிநீரே அருமையாகும்போது, கொல்லைத் தோட்டத்தைக் காப்பது எவ்வாறு?

நாள்தோறும் மேலாகத் தெளிக்கும் நீர் வீணே ஆவியாகும். வேரும் மேலேயே தங்கிவிடும். ஆகவே வெயில் ஏறுமுன், செடியின் அடியில், ஆழ ஊறும்படி நிதானமாக ஊற்றுங்கள். அரிசி கழுவிய நீரும் உதவும். பின்னர், வேரும் பூவும் நீக்கிய லாலாங் புல்லை, தண்டில் ஒட்டாமல், மூன்று விரல் கனத்திற்குப் பரப்புங்கள், ஈரம் தங்கும்.

நீர் மேலும் குறைந்தால், கீரையைப் பறித்துச் சமைத்துவிடுங்கள்; மழைக்குப்பின் விதைத்தால் ஒரு மாதத்தில் மீண்டும் கிடைக்கும். காய்க்கும் கத்தரிக்கும் மிளகாய்க்குமே அந்த நீர் சேரட்டும்.