எல்லையில் நின்றாலும் ஊரில் ஓட்டு



பட்டாளத்துக்குப் பேர்போன கம்மவான்பேட்டை இருக்கும் வேலூர் மாவட்டத்தில் நின்று கேட்கிறேன். லடாக்கில் காவல் நிற்கும் நம் பிள்ளைக்கு ஓட்டு எந்த ஊரில்? 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு பதில் சொல்கிறது. பட்டாளத்தில் சேராமல் இருந்திருந்தால் அவன் எந்த ஊரில் குடியிருந்திருப்பானோ, அதுதான் அவன் ஊர். இன்று சியாச்சின், நாளை ஜோத்பூர் என்று எங்கே மாற்றினாலும் சொந்தத் தொகுதி அவன் கையை விட்டுப் போகாது.

ஆனால் ஒன்று. பட்டியலில் பெயர் தானாக ஏறிவிடாது! படிவம் 2 நிரப்பி, படைப்பிரிவு வழியாக நம் ஊர் வாக்காளர் பதிவு அலுவலரிடம் சேர்ப்பிக்க வேண்டும். கூடவே வசிக்கும் மனைவிக்கும் அந்த உரிமை உண்டு. பெண் அதிகாரியின் கணவருக்கோ 2021-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அது கிடைத்தது. எழுபது வருஷம் ஆகியிருக்கிறது, பாருங்கள்! குடும்பத்தோடு பீஸ் ஸ்டேஷனில், அதாவது போர்முனை அல்லாத முகாமில், இருப்பவர் அங்கேயே பொது வாக்காளராகவும் பதியலாம். இரண்டு ஊரில் மட்டும் பெயர் இருக்கக் கூடாது.

முன்பெல்லாம் வாக்குச்சீட்டு தபாலில் மலையேறி, தபாலிலேயே இறங்க வேண்டும். அதற்குள் இங்கே எண்ணியே முடித்துவிடுவார்கள். 2016-இல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் முதன்முதலாக வாக்குச்சீட்டு இணையம் வழியாகப் போனது. போவதுதான் இணையத்தில், திரும்புவது இன்றும் தபாலில்தான். வாக்கு எண்ணும் நாள் காலை எட்டு மணிக்குள் வராவிட்டால் அது செல்லாது.

இன்னொரு கண்ணி இருக்கிறது. வாக்குச்சீட்டு உள்ளுறைக்குள் போக வேண்டும். அதிகாரி சான்றொப்பமிட்ட உறுதிமொழிப் படிவம் அந்த உறைக்கு வெளியே, பெரிய உறைக்குள் இருக்க வேண்டும். படிவம் இல்லையென்றால் உள்ளுறையைப் பிரிக்காமலே தள்ளிவைத்துவிடுவார்கள். யாருக்குப் போட்டான் என்றுகூடப் பார்க்க மாட்டார்கள்.

பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய தாய்மார்களே, இன்று ராத்திரி மகன் போன் செய்வான். சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று கேட்பீர்கள். கேளுங்கள், அதோடு, "படிவம் 2 கொடுத்துட்டியாப்பா?" என்றும் கேளுங்கள். இல்லையென்றால், கொடுத்த பிறகுதான் அடுத்த பேச்சு என்று சொல்லுங்கள். நாட்டைக் காக்கிறவனுக்கு, அதை ஆள்வது யார் என்று சொல்லவும் பாத்தியதை உண்டு.