சீரங்கத்து வசனக்காரர்
(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம் திருச்சி வானொலிக்கு நாடகம் எழுதிய சீரங்கத்து வாலி, பாட்டெழுதச் சினிமாவுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். நான் பேச வந்தது அதே சீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த ரங்கராஜனை, அதாவது சுஜாதாவைப் பற்றி.

பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலையில் அவர் என்ஜினீயர். நாம் ஓட்டுப்போடும் மின்னணு எந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கும் பங்குண்டு. சம்பளம் அங்கே, எழுத்து ஓய்வு நேரத்தில். ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராக வந்தது. சினிமாவில் ‘ரோஜா’ (1992), ‘இந்தியன்’ (1996) வசனங்கள் அவருடையவை. கிழவர் ஒருவர் தனியாகக் கத்தியெடுத்தால் லஞ்சம் ஒழிந்துவிடுமா? அதை நான் ஒப்பவில்லை.

ஆனால் பூர்ணம் விசுவநாதன் நடித்த ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகம் வேறு சங்கதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், எதிர்காலத்திலிருந்து விருந்தாளி வந்திருப்பதாகச் சொல்கிறார். மற்றவர் கண்ணுக்கு அவன் தெரியவில்லை. பைத்தியம் என்கிறார்கள். சம்பளம் நின்றால் சொல்லுக்கும் மதிப்பு நின்றுவிடுகிறது, தோழர்களே! கணக்குத் தீர்த்து மில் அனுப்பிவிட்ட நம்மவர் எத்தனை பேர் வீட்டில் இதே கதை!

சுஜாதா 2008-ல் காலமானார். நம் கட்சிக்காரர் அல்ல. என்றாலும் இந்த நாடகத்தை நம் சங்கக் கட்டடத்தில் போட்டுப் பார்க்கலாம். பூர்ணம் போட்ட வேஷத்துக்கு நம்மிடையே ஆள் பஞ்சமில்லை.