பெருநான்கெல்லையில் ஒரு வடிவாய்க்கால்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், சீர்காழியில் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவில் பேச அழைத்தபோது, தலைப்பை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்கள். தமிழிசை மூவரைப் பற்றியோ, ஞானசம்பந்தரின் யாப்பு வண்ணங்களைப் பற்றியோ பேசுவேன் என்று பலர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் மழைநீர். ஊர் பெருகப் பெருக, போக வழியின்றித் தெருவில் நிற்கிறதே, அந்த மழைநீர். இலக்கிய மேடையில் அதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நீரின் வழி அழிவதற்கு முன்னால் அந்த வழியைக் குறித்த சொல் அழிகிறது என்பதை என் சொந்த வாழ்வில் கண்டேன். சொல் நம் பொறுப்பு அல்லவா? ஆகவே அதை உங்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

நம் ஊருக்குப் பன்னிரண்டு பெயர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று தோணிபுரம். ஊழி வெள்ளம் உலகை மூடியபோது, அறுபத்து நான்கு கலைகளையும் ஆடையாக உடுத்து, பிரணவத்தையே தோணியாகக் கொண்டு இறைவன் இங்கே வந்தான் என்றும், வெள்ளத்தில் மிதந்த ஊர் இதுவே என்றும் தலபுராணம் கூறும். கட்டுமலை மேல் இன்றும் தோணியப்பர் வீற்றிருக்கிறார். மற்றொரு பெயர் கழுமலம். மலத்தைக் கழுவும் பதி என்று சைவர் பொருள் சொல்வர். அப்பெயரைத் தாங்கிய கழுமலையாறு ஊரை ஒட்டி ஓடுகிறது. கழிவையும் குப்பையையும் சுமந்துகொண்டு, கரை குறுகி, அது படும் பாட்டை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. அதன் பாலத்தைக் கடந்துதான் நம்மில் பலர் இங்கே வந்திருக்கிறோம்.

2022ஆம் ஆண்டு நவம்பர் இரண்டாம் வாரத்தை எவரும் மறந்திருக்க மாட்டோம். ஒரே நாளில் 44 செ.மீ. மழை. நூறாண்டுக்கும் மேற்பட்ட கணக்கில் இவ்வூர் காணாத மழை என்றார்கள். சம்பாவும் தாளடியும் மூழ்கின. முதலமைச்சர் நேரில் வந்து பார்த்து, சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களின் குடும்ப அட்டைதாரர்களுக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்.

44 செ.மீ. என்றால் எவ்வளவு? 2,400 சதுர அடி மனை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மனையின் மேல் மட்டும் விழுந்த நீர் ஏறத்தாழ 98,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் எட்டு வந்து ஒரு வீட்டு வாசலில் கொட்டியதற்குச் சமம். இத்தனை மழை எந்த ஊரில் பெய்தாலும் அந்த ஊர் தத்தளிக்கும். இதற்கு மனிதரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. ஆனால் வானம் வெளுத்த பின்னும் நாட்கணக்கில் தண்ணீர் நின்றதே, அதில் நம் கைக்கும் பங்கு உண்டு.

காவிரிக் கடைமடை நிலத்தின் இயல்பை இங்கே நினைவுகூர வேண்டும். கடலுக்கும் நமக்கும் இடையே சரிவு மிகக் குறைவு. மண்ணோ களி. மழைக்காலத்தில் ஆற்று முகத்தைக் கடல் எதிர்த்து நிற்கும்போது நீர் தயங்கித் தயங்கியே இறங்கும். இதை அறிந்த நம் முன்னோர் இரட்டை வழி அமைத்தார்கள். பாசன வாய்க்கால் மேட்டில் ஓடும், வடிகால் பள்ளத்தில் ஓடும். வயலுக்கு நீர் கொடுப்பது ஒன்று, வயல் வேண்டாம் என்று விட்டதை வாங்கிக்கொள்வது மற்றொன்று. உடம்பில் தமனியும் சிரையும் போல. பாய்ச்சலுக்குப் பாட்டு உண்டு, பொங்கல் உண்டு, ஆடிப்பெருக்கு உண்டு. வடிகாலுக்கு விழா எடுத்தவர் யாரும் இல்லை. கவிஞர்களாகிய நாமும் அதைப் பாடியதில்லை.

வயலே ஒரு தேக்கம் என்பதையும் நாம் மறந்தோம். வரப்புக்குள் அரையடி நீர் நிறுத்தும் மூன்று மா நிலம், அதாவது ஓர் ஏக்கர், ஆறு லட்சம் லிட்டர் நீரைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல வடிவாய்க்காலுக்கு விடும். அதே ஏக்கர் மனைப்பிரிவாகும்போது மண்ணடித்து மேடாக்குகிறோம். கூரையும் சிமெண்டுத் தரையும் தார்ச்சாலையும் நீரை நிறுத்துவதில்லை, உறிஞ்சுவதுமில்லை. ஒரு பகல் முழுதும் வடிய வேண்டிய நீர் ஒரு நாழிகையில் தெருவுக்கு வந்து சேர்கிறது. தெருவோரத்தில் கட்டிய கால்வாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டால் விடை இல்லாத இடங்கள் பல. மழைநீருக்கென்று கட்டியதில் சாக்கடையை விடுகிறோம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் படியேறிப் போன வீடுகளைப் படியிறங்கிப் போகும் வீடுகளாக ஆக்கிவிட்டோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். குற்ற ஒப்புதல் என்றே கொள்ளுங்கள்.

முனைவர் பட்டத்திற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், சோழர் காலக் கல்வெட்டுகளில் நில எல்லைச் சொற்கள். கல்வெட்டு நிலத்தைச் சொல்லும் முறை உங்களுக்குத் தெரியும். இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாற்று, இத்தனையாம் சதுரம் என்று நீரை வைத்தே நிலத்தைக் குறிப்பார்கள். இவ்வாறு இசைத்த எல்லைகளுக்குப் பெருநான்கெல்லை என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் ஊர்களைக் கொடுத்த கல்வெட்டுகளில், வரி கணக்கிடும் முன் கழித்துவிட வேண்டிய நிலங்களின் பட்டியல் வருகிறது. ஊர் நத்தம், கோயில்கள், சுடுகாடு ஆகியவற்றோடு, குளங்களும் ஊரை ஊடறுத்துப் போன வாய்க்கால்களும் அப்பட்டியலில் உள்ளன. நீர் நிற்கும் இடத்துக்கும் நீர் நடக்கும் இடத்துக்கும் வரி இல்லை என்று ஒரு பேரரசு கல்லில் வெட்டி வைத்தது. வரிக் கணக்குக்குப் புறத்தே நிற்கும் நிலத்தைத்தான் பிற்காலத்தில் புறம்போக்கு என்றோம். பொதுவில் எல்லோரையும் காத்த நிலத்தின் பெயர் இன்று தெருச்சண்டையில் ஒருவரை இழிக்கும் வசைச்சொல். ஒரு சொல் இழிந்தால் அது குறித்த பொருளும் இழியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவ்வளவும் ஆய்ந்து பட்டம் பெற்ற நான், 2009இல் இவ்வூரின் புறத்தே ஒரு புதிய நகரில் மனை வாங்கினேன். கிரயப் பத்திரத்தின் நான்கு மாலை ஒரு முறை படித்தேன். கிழக்கே இருபதடிச் சாலை என்றிருந்தது. கையெழுத்திட்டேன். தாழ்ந்த மனை என்று கொத்தனார் சொன்னார். லாரி லாரியாக மண்ணடித்து, சாலையிலிருந்து நான்கடி உயரத்தில் கடைக்கால் எழுப்பி வீடு கட்டினேன். சுற்றிலும் சிமெண்டுத் தரை போட்டேன். மழைக்குப் பயமில்லை என்று உறவினர் பாராட்டினார்கள்.

2022 மழையில் என் வீட்டின் ஐந்து படிகளில் மூன்று மூழ்கின. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. எங்கள் நகருக்குப் பின்னால் உள்ள குடிசைகளில் இடுப்பளவு தண்ணீர். அங்கிருந்து மூன்று குடும்பத்தார் அன்றிரவு என் திண்ணைக்கு வந்தார்கள். அவர்களுள் நடவு வேலைக்குப் போகும் முதிய பெண்மணி ஒருவர். தேநீர் கொடுத்தபோது இருட்டில் என் காம்பவுண்டுச் சுவரைக் காட்டி அவர் சொன்னார்: “டீச்சரம்மா, இங்கனதான் வடிவாய்க்கா ஓடுச்சு. நாத்துப் பறிச்சு வேர அலசுன எடம்.” அவர் குறைகூறும் குரலில் சொல்லவில்லை. பழைய ஞாபகத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

தண்ணீர் வடிந்தபின் மூலப்பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். நான்கு தலைமுறைக்கு முந்தைய எழுத்து. அதில் கிழக்கெல்லை “வடிவாய்க்காலுக்கு மேற்கு” என்றிருந்தது. கல்வெட்டில் பயின்ற அதே வாய்பாடு! ஆயிரம் ஆண்டு நடந்து வந்த ஒரு சொல், எனக்கு முந்தைய பத்திரம் வரை வந்து, என் பத்திரத்தில் இருபதடிச் சாலையாக மாறியிருந்தது. கல்வெட்டுச் சொற்களில் முனைவர் பட்டம் வாங்கியவளின் கண்முன்னே அச்சொல் செத்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. நான் உயர்த்திய நான்கடி மண்தான் குடிசைகளின் இடுப்பளவுத் தண்ணீர் என்று கணக்குப் போட எனக்குப் பொறியியல் தேவைப்படவில்லை.

இதில் சட்டத்தை மீறியவர் எவரும் இல்லை என்பதுதான் கொடுமை. ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்று அரசுக் கணக்கில் நீர்வழிப் புறம்போக்காக எழுதியிருந்தால் அதைக் காக்கச் சட்டம் உண்டு. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றினார்கள். ஆனால் வயலுக்கும் வயலுக்கும் இடையே ஓடிய சிறு வடிவாய்க்கால் பல இடங்களில் பட்டா நிலத்துக்குள்ளேயே இருந்தது. அடுத்தடுத்த நிலக்காரர்களின் நாணயமும் ஊர் வழக்கமும்தான் அதற்குக் காவல். அத்தனை நிலமும் ஒருவர் கைக்குப் போய் மனைகளானபோது, பத்திரத்தில் இருந்த அந்த ஒற்றைச் சொல்லைத் தவிர அதற்குச் சாட்சி இல்லாமற் போயிற்று.

பழம்பெயர்கள் எத்தனை உண்மையானவை என்பதைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் கொள்ளிடம் பெருகியபோது எந்த ஊர்களில் தண்ணீர் புகுந்தது? நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல். படுகை என்றால் ஆறு படுக்கும் இடம், திட்டு என்றால் ஆற்றிடைக் குறை. பெயரிட்டவர்கள் நமக்கு எச்சரிக்கை எழுதியே வைத்தார்கள். நாம் இன்று மனைப்பிரிவுகளுக்கு இடும் பெயர்கள் எந்தப் பள்ளத்தையும் எந்த மேட்டையும் சொல்வதில்லை.

இது நம் ஊரின் துயர் மட்டுமன்று. சென்னையின் தென்பால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பிறகே அதன் அருமை உணரப்பட்டது. 2015 வெள்ளம் அந்தப் பாடத்தைக் கற்பித்தது. 2022இல் அது பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 2011 சூலையில் சில மணி நேரத்தில் சுமார் 15 செ.மீ. மழை கொட்டி நகரையே முடக்கியது. அடுத்த ஆண்டே அவர்கள் ஒரு திட்டம் வகுத்தார்கள். குழாய்களைப் பெரிதாக்குவதோடு நில்லாமல், பூங்காக்களைத் தாழ்த்தி மழைக்காலத்தில் குளங்களாக்கவும், சில தெருக்களையே நீர்வழியாக அமைக்கவும் முடிவு செய்தார்கள். நம் கோயிற்குளங்களும் ஊருணிகளும் வேறென்ன செய்தன?

மழைநீர் சேகரிப்பை 2003இல் நம் மாநிலம் கட்டாயமாக்கியது நல்ல செயல். ஆயினும் மணற்பாங்கான இடத்தில் பயன்படும் உறிஞ்சுகுழி, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் நம் களிமண்ணில் அதே அளவு பயன் தராது. இங்கே நீருக்குத் தேவை தங்க ஒரு குளம், போக ஒரு வழி.

அன்பர்களே! 2023 ஏப்ரலில் நம் சட்டைநாதர் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது, செப்புத் திருமேனிகளோடு தேவாரம் பொறித்த செப்பேடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்ததை நாம் கொண்டாடினோம். தமிழைக் காக்க யாரோ செம்பில் வெட்டி மண்ணுக்குள் வைத்தார்கள். வடிவாய்க்காலின் பெயருக்குச் செப்பேடு இல்லை. அது முதியோர் சிலரின் நினைவிலும், இரும்புப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்களிலும் மட்டுமே இருக்கிறது.

ஆகவே பதினோராம் ஆண்டில் அடி வைக்கும் இவ்வட்டத்திடம் ஒரு விண்ணப்பம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவின் மூலப்பத்திரங்களிலுள்ள நீர்ச்சொற்களைப் படித்து எழுதித் தாருங்கள். வாய்க்கால், மடை, மதகு, குட்டை, கண்ணாறு என எதுவாயினும் சரி. வயலில் உழைத்த முதியோரிடம் கேட்டு, எது எங்கே ஓடியது என்று குறியுங்கள். ஊரின் புலப்படத்தோடு அவற்றை ஒப்பிட்டு ஒரு சிறு நூலாக்குவோம். புதிய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்கும் நாளில், இங்கே ஒரு வடிகால் இருந்தது என்று சொல்ல நகராட்சியின் கையில் ஓர் ஏடு இருக்கட்டும். கவிஞர்கள் தம் தெருவுக்கு அதன் பழைய வாய்க்காலின் பெயரை மீட்டுத் தரட்டும்.

என் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறேன். கிழக்குச் சுவரைத் தள்ளிக் கட்டி, சிமெண்டுத் தரையைப் பெயர்த்து, நான்கடி அகலத்தில் வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். அண்டை வீட்டார் இருவர் இசைந்து தங்கள் மனையிலும் வெட்டினார்கள். நான்காம் வீட்டுச் சுவரில் அது முட்டி நிற்கிறது. அந்த வீட்டுக்காரரும் நல்லவர்தான். அங்கே வாய்க்கால் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார். கேட்பது நியாயமே. அவருடைய மூலப்பத்திரத்தை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். இருவருமாக உட்கார்ந்து படிக்கப் போகிறோம்.